சுறா எண்ணெய்க்குள் இருந்த பச்சை வண்டி

பாளையங்கோட்டையில் என் பெயிண்ட் பட்டறையை இப்போது எடுத்து நடத்துகிறவர்கள் போன மாதம் ஒரு கருவி வாங்கினார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. காரின் தகட்டில் அதன் மூக்கை வைத்தால் மேலே பெயிண்ட் எவ்வளவு கனம் என்று எண்ணில் காட்டிவிடும். தொழிற்சாலையில் அடித்ததா, பின்னால் எவனாவது அடித்ததா என்பது அதில் தெரிந்துவிடும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. பட்டறையில் நின்ற வண்டிகளையெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் இரும்பு பீரோவையும் தொட்டுப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, புன்னக்காயல் வண்டில இதத்தான் வச்சுப் பாத்தாவளாமே, நெசமா?" என்று கேட்டார்கள்.

நிஜம்தான். அந்த வண்டியின் படம் இன்னும் கைபேசிகளில் சுற்றுகிறது. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் கதையில் பாதி தப்பு. நான் பக்கத்தில் நின்றவன். அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பு எட்டாம் வகுப்பின் பாதியில் நின்றது. ஊர் விக்கிரமசிங்கபுரம். அப்பா நூல் ஆலையில் வேலை பார்த்தார். சங்கு ஊதினால் ஊரே சைக்கிளில் ஒரே திசைக்குப் போகும். அந்தத் திசை எனக்கு வேண்டாம் என்பது மட்டும் தெரிந்திருந்தது. ஒரு லாரியில் ஏறிவிட்டேன். கிளீனராக இருந்தேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் இடத்தில் பட்டி தேய்த்தேன். பம்பாயில் டாக்ஸிகளுக்குக் கருப்பும் மஞ்சளும் அடித்தேன். சாப்பாடு கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. ஓரிடத்தில் தரித்திருந்தது கிடையாது. கை மட்டும் பழகிக்கொண்டே வந்தது. பிறகு காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் மூலம் சார்ஜா போய்ச் சேர்ந்தேன்.

அங்கேதான் அமெரிக்க வண்டிகளைப் பார்த்தேன். பணக்கார அரபிகள் பழைய வண்டிகளாகத் தேடி வாங்கிக் கொண்டுவருவார்கள். இரண்டே கதவு. கட்டில் நீளத்துக்கு ஒரு பானெட். அதற்குள் எட்டு சிலிண்டர் இன்ஜின். அந்த உடம்புக்கு அந்த இன்ஜின் தேவையே இல்லை. நேர் ரோட்டில் ஒருவனை ஒருவன் முந்துவதற்கென்றே அமெரிக்க இளவட்டங்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்தால் பக்கத்து மேசையில் இருக்கும் தேநீரில் வட்டம் வட்டமாக அலை எழும்.

பட்டறைத் தலைவர் சிரியாக்காரர். ஆசான் என்ற பொருளில் உஸ்தாத் யூசுப் என்போம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. புதிதாக ஒரு வண்டி வந்தால் அன்றைக்கு யாரும் அதைத் தொடக்கூடாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அதற்கு நேர் எதிரே போட்டு, பால் இல்லாத தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெயில் நகர நகர நாற்காலியையும் நகர்த்துவார். ஒவ்வொரு வெயிலுக்கும் தகடு ஒவ்வொரு மாதிரி தெரியுமாம். மறுநாள் கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி மோந்து பார்ப்பார். அதற்கும் பிறகுதான் கை வைப்பார்.

கை வைப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கதவு ஓரத்து ரப்பரை மெல்ல நீக்கி, அதன் அடியில் என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். பிறகு திருகாணிகளின் தலை. திருப்புளி பட்ட காயம் இல்லையென்றால் அதை ஒருவரும் கழற்றவில்லை. பிறகு ஒருவர் கண்ணும் படாத மூலைகள். தொழிற்சாலையில் அடித்தவன் அங்கே அவசரமாக அடித்திருப்பான், பெயிண்ட் சொட்டு வழிந்து நிற்கும். பின்னால் அடிப்பவன் அந்தச் சொட்டைத் தேய்த்து எடுத்துவிடுவான். அழகாக இருந்தால் சந்தேகப்படு என்பார் உஸ்தாத்.

ஒருமுறை ஒருவர் சிவப்பு வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பெயிண்ட் வெளுத்திருந்தது, ஆனால் முதலில் அடித்ததே இருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கச் சொன்னார்.

உஸ்தாத் கேட்டார்: "இதை அடித்தவனிடம் கேட்டுவிட்டு வந்தீர்களா?"

வந்தவர் சிரித்தார். தடுப்புக்குப் பின்னால் நின்ற நாங்களும் சிரித்தோம். உஸ்தாத் சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்து, வேறு பட்டறைக்குப் போகும்படி மரியாதையாகச் சொன்னார். அந்தக் கேள்வி எனக்கு அப்போது புரியவில்லை.

ஊர் திரும்பிப் பட்டறை போட்டேன். அம்பாசடர், வேன், பள்ளிக்கூட பஸ் என்று எல்லாவற்றுக்கும் அடித்தேன். நம் பக்கத்தில் ஒரு பொருளை விற்பதென்றால் முதல் வேலை பெயிண்ட் அடிப்பதுதான். மாட்டுக்குக் கொம்பில் அடிப்போம், வண்டிக்கு உடம்பில் அடிப்போம். அப்படியே வந்த நிறத்தோடு நிற்கும் பழைய வண்டி ஒன்றைக்கூட இங்கே நான் பார்த்ததில்லை. தின்னர் வாடை நெஞ்சில் ஏறி, வைத்தியர் இனி வேண்டாம் என்று சொன்னதும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கோயம்புத்தூரிலிருந்து ரங்கநாதன் என்பவர் போன் செய்தார். லேத் பட்டறை முதலாளி. பழைய வண்டிகள் மேல் பைத்தியம். சார்ஜாவில் என்னோடு இருந்த ஒருவர் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

"ஏனுங்க ஐயா, புன்னக்காயல்ல ஒரு அமெரிக்க வண்டி விலைக்கு வருதுங்க. நான் மத்தியானத்துக்குத்தான் வந்து சேருவேன். நீங்க முன்னாடி போயிப் பாத்து வையுங்களேன். துருப்பிடிச்சிருந்தாலும் பரவால்லீங்க. ஆனா யாரும் கை வெச்சிருக்கக்கூடாது. சோடிச்சு வெச்ச வண்டி எங்கிட்டயே நாலு நிக்குதுங்க. எங்கியாச்சும் மறுபடி பெயிண்ட் அடிச்சிருந்தா எனக்கு வேண்டாமுங்க."

புன்னக்காயல் ஆறு கடலில் விழும் இடம். அங்கே ஜன்னல் கம்பியெல்லாம் பழைய முறுக்கு மாதிரி உதிரும். கடைத்தெருப் பூட்டுக்கே ஆயுள் இல்லாத ஊரில் காருக்கு என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் பஸ்ஸில் போனேன்.

ஓலைக் கொட்டகை. அதன் வாசலில் சேசம்மாள் நின்றாள். ஐம்பதைத் தாண்டிய பெண், வலை முடிகிற கை. உள்ளே கண் பழகியதும் நான் பார்த்தது ஒரு வண்டியை அல்ல. கருப்பும் பழுப்புமாக, கருப்பட்டிப் பாகை உருக்கி ஊற்றி உறையவிட்டது போன்ற ஒரு மேடு. அதன் மேல் மூன்று பூனைகள் படுத்திருந்தன. மீன் நாற்றம் மூக்கில் அறைந்தது.

"என்னம்மா இது, தாரா பூசியிருக்கிய?"

"தாரு இல்ல அண்ணாச்சி. சுறா எண்ணெ. வள்ளத்தக் கரையில ஏத்துனா மரம் உளுத்துப் போவாம இருக்க எண்ணெ போடுவோம்லா? அப்பா மிச்ச எண்ணெய இதுக்கும் பூசுவாவ. அவுக போன பொறவு நான் பூசுதேன்."

"எத்தன வருசமா?"

"அத யாரு எண்ணுனா? வள்ளம் கரையேறுத வருசமெல்லாம்."

அவள் அப்பா காஸ்பர், தூத்துக்குடித் துறைமுக வேலைக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கப் பொறியாளரிடம் டிரைவராக இருந்தவர். துரை தன் வண்டியைக் கப்பலில் கொண்டுவந்திருக்கிறார். வேலை முடிந்து போகும்போது காகிதமெல்லாம் மாற்றி டிரைவருக்கே கொடுத்துவிட்டார். அது குடிக்கும் பெட்ரோல் காஸ்பருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஊரில் கல்யாணம், திருவிழா என்றால் மட்டும் வெளியே எடுப்பார். பிறகு அதுவும் நின்று, வண்டி வள்ளத்துக்குப் பக்கத்தில் கொட்டகைக்குள் போய்விட்டது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் தம்பி அந்தோணி வண்டியின் மறுபக்கத்திலிருந்து எழுந்தான். கையில் பிரஷ். காலடியில் பெயிண்ட் டப்பா. நான் சுற்றிப் போய்ப் பார்த்தேன். முன்பக்க மட்கார்டு முழுவதும், வள்ளத்துக்கு அடிக்கும் அந்தப் பளீர் நீலம்.

"இது எப்போ அடிச்சே?"

"நேத்து சாயங்காலம். மிச்சத்த இப்பம் முடிச்சிருவேன்."

"ஏலே, ஒன்ட்ட யாரு அடிக்கச் சொன்னா?" என்றாள் சேசம்மாள்.

"பொண்ணு பாக்க வாரவன் முன்னால பிள்ளைய எண்ணெப் பிசுக்கோடயாக்கா நிறுத்துவாவ? கோயமுத்தூருலேர்ந்து ஆளு வாராரு. பாக்க லெச்சணமா இருக்க வேண்டாமா?"

"லெச்சணம் வேணும்னா அந்த டப்பாவ ஒன் மூஞ்சில கவுத்துக்கோ."

அந்தோணியைக் குற்றம் சொல்ல முடியாது. என் தொழில் வாழ்க்கையே அவன் சொன்ன நியாயத்தின் மேல்தான் நடந்தது. அவனுடைய அவசரமும் நியாயமானதே. மகளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று, கொட்டகை இருக்கும் இடத்தில் அறை கட்ட வேண்டும். பழைய இரும்புக்காரரிடம் பேசி வைத்திருந்தான். இன்றைக்கு வருகிறவர் வேண்டாம் என்று சொன்னால், திங்கட்கிழமை கேஸ் கட்டர் வரும், வண்டியைத் துண்டு போட்டு எடுத்துப்போகும்.

சேசம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, யாரு வேணும்னாலும் கொண்டு போவட்டும். ஓட்டட்டும், சும்மா நிறுத்தி வைக்கட்டும். வெட்டாம இருந்தாப் போதும். அப்பா சாவுத வரைக்கும் இதத் தொடைச்சுக்கிட்டே இருந்தாவ. வெட்டுத சத்தத்த நான் கேக்க மாட்டேன்."

மறுபடி அடித்திருந்தால் வேண்டாம் என்று ரங்கநாதன் சொன்னது எனக்குத் தெரியும். அந்த நீலம் என் கண் முன்னால் மினுங்கிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் இந்த மேலோட்டுக்கு அடியில் தகடே இருக்காது என்றும் தோன்றியது. இரண்டு வழியிலும் வண்டி போய்விட்டது என்றே முடிவு கட்டினேன்.

இருந்தாலும் பழக்கம் விடாது. ஒரு நாற்காலி கேட்டேன். வண்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். சேசம்மாள் வரக்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

"இவரு என்னக்கா, சினிமா பாக்க வந்தமாரி உக்காந்துட்டாரு?" என்றான் அந்தோணி.

"பேசாம இரு. அவுக தொழிலு அவுகளுக்கு."

ஒரு நாள் உட்கார எனக்கு நேரம் இல்லை. காப்பி முடியும்வரை உட்கார்ந்தேன். ஓலை இடுக்கு வழியாக வெயில் விழுந்த இடத்தில் அந்த மேடு கருப்பாகவே இருந்தது. எழுந்து பின்பக்கம் போய், டிக்கி மூடியின் மூலையில் மண்ணெண்ணெயில் நனைத்த பழந்துணியை ஒட்டிவைத்து ஊறவிட்டேன். பைய வட்டமாகத் துடைத்தேன். துணியில் பழுப்பு வந்தது. மறுபடி ஊறவிட்டுத் துடைத்தேன். கருப்பு வந்தது. மூன்றாவது துணியும் கருப்பு. நான்காவதில் ஒன்றும் வரவில்லை. துணியை எடுத்தேன்.

பச்சை.

சின்ன வயதில் பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டிக்குள் வைத்திருப்போமே, அதன் முதுகின் பச்சை. திரும்பினால் உள்ளிருந்து பொன் எழும்புகிற பச்சை. உள்ளங்கை அளவு இடம்தான். அதற்குள் என் முகம் தெரிந்தது. கடல் காற்று ஒரு நாளும் இதைத் தொடவே இல்லை. வள்ளத்துக்குப் பூசிய எண்ணெயின் மிச்சம், அடுக்கு மேல் அடுக்காக இதை மூடி வைத்திருக்கிறது.

சேசம்மாள் குனிந்து பார்த்தாள். "இந்தக் கலரா? நான் கறுப்புன்னுல்லா நெனச்சேன்," என்றாள்.

கதவைத் திறந்து தலையை நீட்டினேன். உள்ளே மீன் வாடை இல்லை. காய்ந்த ரெக்ஸினும் சுருட்டும் கலந்த ஒரு மணம். துரையின் சுருட்டாகத்தான் இருக்கும். ரப்பருக்கு அடியில் அதே பச்சை. திருகாணித் தலைகளில் ஒரு கீறல் இல்லை. கீல் மூலையில் பெயிண்ட் சொட்டு வழிந்து அப்படியே நின்றது. பானெட்டைத் தூக்கினேன். இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டில், மஞ்சள் மெழுகுக் குச்சியால் ஒரு சரிக்குறி. வேலை முடிந்ததென்று தொழிற்சாலையில் யாரோ இழுத்தது. கடைக்குப் போகும் முன்பே அழிந்திருக்க வேண்டிய கோடு. டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கினேன். தகடுகள் சேரும் இடுக்கில் தண்ணீர் புகாமல் இருக்க ஒரு பசை அப்புவார்கள். அந்தப் பசையில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. ரேகைகூடத் தெரிந்தது.

எத்தனையோ வண்டிகளில் உஸ்தாத் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறேன். எல்லாம் சேர்ந்து ஒரே வண்டியில் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் வெளியே கார் நின்றது. ரங்கநாதன் உள்ளே வந்தார். நான் மறைக்கவில்லை. நேரே மட்கார்டைக் காட்டி, "நேத்து அடிச்சிட்டாங்க," என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அடடா. போச்சுங்களே." அந்தோணி பிரஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். சேசம்மாள் தம்பியைத் திட்டக்கூட இல்லை. அவள் கண் திங்கட்கிழமையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நீலம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க, ஓரத்தில் நகத்தை வைத்தேன். நகத்தோடு அது எழுந்து வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அவித்த மரவள்ளிக் கிழங்கின் தோல் மாதிரி, மட்கார்டு முழுவதும் ஒரே ஏடாக உரிந்து என் கையில் தொங்கியது. எண்ணெய் அதை உள்ளே விடவே இல்லை. நீலத்துக்கு அடியில் எண்ணெய். துடைத்தால், எண்ணெய்க்கு அடியில் பச்சை.

ரங்கநாதன் சட்டைப்பையிலிருந்து பெயிண்ட் கனம் பார்க்கும் கருவியை எடுத்தார். கதவிலும் ஓரிடம் துடைத்துக் கொடுத்தேன். துடைத்த இடங்களில் மட்டும் வைத்தார். டிக்கி மூடி, கதவு, மட்கார்டு. ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்தார். எல்லாம் பக்கத்துப் பக்கத்து எண்கள். மேலே யாராவது மறுபடி அடித்திருந்தால் அந்த இடத்தில் எண் எகிறியிருக்கும்.

"சரியா இருக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் சேசம்மாள் கேட்டாள்.

அவர் கொட்டகை வாசல்வரை போனார். செருப்பைக் கழற்றி அங்கே விட்டுவிட்டு வந்தார். "தொழிற்சாலைலருந்து வந்ததுக்கு அப்புறம் இத யாருமே தொடலீங்க," என்றார். அந்தோணி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான். அவன் எப்போதும் வெறுங்கால்தான்.

"இன்ஜின் இறுகியிருக்குமுங்க. அது பரவால்ல," என்றார் ரங்கநாதன்.

"இறுகாது," என்றாள் சேசம்மாள். மூலையிலிருந்து ஒரு ஸ்பானரையும் நீளமான பைப்பையும் எடுத்துவந்தாள். முன்னால் குனிந்து, ஸ்பானரை மாட்டி, பைப்பைக் கோத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்ததும் இழுத்து விடுவேன். நெஞ்சு அடைச்சிரக்கூடாதுன்னு அப்பா சொன்னாவ."

இன்ஜின் சுற்றியது. கார்புரேட்டருக்குள்ளிருந்து ஒரு மூச்சு. பிறகு இன்னொன்று. எட்டு சிலிண்டரும் ஒன்று மாற்றி ஒன்று மூச்சு விட்டன. தூங்குகிற பெரிய மிருகம் ஒன்றின் பக்கத்தில் நிற்கிற மாதிரி நாங்கள் அசையாமல் நின்றோம். பூனைகள் மட்டும் இறங்கிப் போய்விட்டன.

"ஸ்டார்ட் பண்ணிப் பாப்பமா?" என்றான் அந்தோணி ஆசையாக.

"வேண்டாமுங்க தம்பி. ஊருக்குக் கொண்டுபோயி, பதறாம பாத்துக்கறேன்."

விலை அவர்கள் காரியம், அதை நான் எழுதப்போவதில்லை. கட்டர் வரவேண்டாம் என்று அந்தோணி இரும்புக்காரருக்குப் போன் போட்டது மட்டும் என் காதில் விழுந்தது. "ஆமா, வித்தாச்சு. பெயிண்ட் அடிச்சனால இல்ல. அது பெரிய கத, நேர்ல சொல்லுதேன்."

வண்டியை ஏற்றிப்போகும் லாரி மறுநாள் வந்தது. ஏற்றுவதற்கு முன் நான் சேசம்மாளைக் கூப்பிட்டு டிக்கிக்குள் இருந்த விரல் தடத்தைக் காட்டினேன்.

"யாரு கை அண்ணாச்சி இது?"

"இத செஞ்ச ஆளு கை. அமெரிக்காவுல."

"பேரு என்ன?"

"அது தெரியாதும்மா."

"இருக்காவளா?"

"நம்மளவிட ரொம்ப மூத்த ஆளா இருக்கணும். இல்லாமத்தான் இருப்பாரு."

அவள் தன் கட்டைவிரலை அந்தத் தடத்தில் வைத்தாள். விரல் முழுதாக அதற்குள் போய்விட்டது. பெரிய கைக்காரன். கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தாள். பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, "கொண்டு போங்க," என்றாள்.

ரங்கநாதன் அவ்வப்போது போன் செய்வார். வாடை போகவில்லையாம். வெயில் ஏறினால் கோயம்புத்தூர்ப் பூனைகளெல்லாம் ஷெட்டில் வந்து நிற்கின்றனவாம். எண்ணெயைப் பாதிப் பக்கம் மட்டும் எடுத்துவிட்டு, மறுபாதியை அப்படியே வைத்திருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நிற்கிறார்களாம்.

அந்த வருஷம் நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குச் சேசம்மாள் கூப்பிட்டிருந்தாள். நான் அந்த வேதத்துக்காரன் இல்லை, ஆனாலும் போனேன். கடற்கரையை ஒட்டிய கல்லறைத் தோட்டம். சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே ஊர் முழுக்க வந்து அவரவர் கல்லறைக்குப் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காஸ்பர் கல்லறையில் வரிசையாக ஏற்றி முடித்தாள். பிறகு அதற்குப் பக்கத்தில், கல்லறை எதுவும் இல்லாத வெறும் மணலில் இன்னொன்றை ஊன்றினாள்.

"அது யாருக்குக்கா?" என்றான் அந்தோணி.

"வண்டி செஞ்சாருல்லா, அவருக்கு. அவரு ஊர்ல ஏத்த ஆளு இருக்கோ இல்லையோ."

அடித்தவனிடம் கேட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்ட உஸ்தாத் யூசுப் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கடல் காற்றில் அந்தத் திரி நிற்கவில்லை. இரண்டு தடவை ஏற்றினாள், இரண்டு தடவையும் அணைந்தது. அந்தோணி எழுந்து வீட்டுக்குப் போனான். திரும்பி வரும்போது அவன் கையில் அந்த நீலப் பெயிண்ட் டப்பா இருந்தது. அடியையும் ஒரு பக்கத்தையும் வெட்டியிருந்தான். காற்று வரும் பக்கமாக அதை மணலில் அழுத்தி நிறுத்தி, திரியைத் தானே ஏற்றினான். இந்தத் தடவை நின்றது.